வானம் க்ளூமியாக இருந்தால் வருத்தப்பட வேண்டுமா?

கேள்வி: அமெரிக்க வாடிக்கையாளர்களோடு போனில் பேசுகிற வேலை எனக்கு. போன வாரம் சென்னையில் நல்ல மழை இருட்டு. "வெதர் இஸ் வெரி க்ளூமி ஹியர்" என்று சந்தோஷமாகத்தான் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவரோ, சீக்கிரம் வெயில் வரட்டும் என்று ஆறுதல் சொன்னார். வானத்துக்கு இந்தச் சொல்லைப் போடக் கூடாதா? ஆட்களுக்கு மட்டும்தானா?

பதில்: தாராளமாகப் போடலாம். உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் க்ளூமி என்பது வெறும் இருட்டு அல்ல, பார்க்கிறவரின் மனத்தைச் சோர வைக்கிற இருட்டு. அதைச் சொன்னதுமே "எனக்கு இது பிடிக்கவில்லை" என்பதும் கூடவே போய்விடுகிறது. அதைக் கேட்டுத்தான் அவர் ஆறுதல் சொன்னார்.

இந்தச் சொல் வானத்தில் பிறக்கவில்லை, முகத்தில் பிறந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் க்ளூம் ஒரு வினைச்சொல். முகத்தைச் சுளிப்பது, கடுகடுவென்று பார்ப்பது என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஷேக்ஸ்பியர் அடர்ந்த காட்டைக் க்ளூமி என்கிறார். காடு, வானம், அறை என்று எதற்குப் போனாலும் அந்தச் சுளித்த முகம் கூடவே வருகிறது.

கலிஃபோர்னியாவின் தென்கடற்கரையில் "மே கிரே, ஜூன் க்ளூம்" என்றொரு வழக்கு உண்டு. கோடைத் தொடக்கத்தில் குளிர்ந்த கடலின் மேல் தாழ்வான மேகம் படிந்து, காலை வெயிலை மறைத்துவிடும். பெரும்பாலும் மழையும் தராது. கடற்கரைக்குக் கிளம்பியவர்களுக்குச் சலிப்பு வராமல் இருக்குமா? நமக்கோ வெயிலில் வெந்த பிறகு மேகம் திரண்டால் "கிளைமேட் சூப்பர்" என்றுதான் வாயில் வரும். அந்த மகிழ்ச்சிக்குக் க்ளூமி சரிப்படாது. வெறுமனே மேகமூட்டம் என்றால் க்ளௌடி அல்லது ஓவர்காஸ்ட் போதும். சந்தோஷத்தையும் சொல்ல வேண்டுமானால் "இட்ஸ் லவ்லி அண்ட் கூல், லுக்ஸ் லைக் ரெயின்" என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, ஆட்களுக்கு வருவோம். இன்றைக்கு ஒருவர் முகம் வாடியிருக்கிறது என்றால் க்ளம் பொருத்தமான சொல். அதை அறைக்கோ வானத்துக்கோ பொதுவாகப் போடுவதில்லை. யாரோடும் பேசாமல் உம்மென்று ஒதுங்கி இருப்பவர் மொரோஸ். கோபத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர் சல்லன். இந்த இரண்டிலும் லேசான கண்டனம் இருப்பதால், எதிரே இருப்பவரிடம் நேராகச் சொல்லாதீர்கள்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகப் பிடித்தது டிஸ்மல். இதுவும் மனத்தைச் சோர வைக்கிற என்ற பொருள்தான். லத்தீனில் "கெட்ட நாட்கள்" என்ற தொடரிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பிய நாட்காட்டிகளில் மாதத்துக்கு இரண்டு நாட்களை ஆகாத நாட்கள் என்று குறித்து வைத்திருந்தார்கள், நம் பஞ்சாங்கத்துக் கரிநாள் மாதிரி. இன்று டிஸ்மல் படுமோசம் என்ற பொருளிலும் வரும். ஓர் அணி கேவலமாகத் தோற்றால் அந்த ஆட்டத்தை டிஸ்மல் என்பார்கள், க்ளூமி என்பதில்லை.

அலுவலகத்தில் க்ளூமி அதிகம் வருவது எதிர்காலத்தைப் பற்றித்தான். விற்பனை குறையும் என்ற கணிப்பு க்ளூமி ஃபோர்காஸ்ட். ஒன்றைப் பற்றி நம்பிக்கை இழந்திருந்தால், க்ளூமிக்குப் பின்னால் அபௌட் வர வேண்டும். பெயர்ச்சொல்லாக க்ளூமினெஸ் தவறில்லை, ஆனால் பெரும்பாலான இடங்களில் க்ளூம் என்றாலே போதும்.

இன்னொன்று, மனது சரியில்லை என்று விடுப்புக் கேட்கும்போது "ஐ ஆம் க்ளூமி" என்று எழுதாதீர்கள். ஏதோ கதையில் வருகிற வரி மாதிரி ஒலிக்கும். டிப்ரஸ்ட் என்பதைப் பேச்சில் சாதாரணமாகச் சொல்கிறார்கள்தான், ஆனால் அது மருத்துவர் சொல்லும் நோயையும் குறிக்கும் என்பதால் அலுவலக மெயிலில் யோசித்துப் போடுங்கள். "ஐ ஆம் ஃபீலிங் லோ டுடே" என்றாலே மேலாளருக்குப் புரிந்துவிடும்.