எப்படியும் வீட்டில்தானே இருப்பான்

கேள்வி: என் மகனுக்கு 28 வயது. அரசாங்க மருத்துவமனை ஒன்றில் மெடிக்கல் ஆபிசராக இருக்கிறான். ஆறேழு மாதமாக ஆளே மாறிவிட்டான். சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே கண் சொக்குகிறது. நோயாளிகளைப் பற்றிக் கேட்டால், "எல்லாம் ஒன்னுதாம்மா, வந்துகிட்டே இருப்பாங்க" என்கிறான். "நான் இருந்தாலும் இல்லாட்டியும் ஒன்னும் மாறப்போறதில்ல" என்று ஒருநாள் சொன்னான். போன ஞாயிற்றுக்கிழமை ஆன் கால் (இரவும் சேர்த்துப் பார்க்கும் டியூட்டி) முடிந்து வந்தவன், என் சின்ன நாத்தனார் நீட்டிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தொடக்கூட இல்லை. "அந்த கிளினிக்லயே கேளுங்க அத்தை" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். நான்தான் அவளை வரச் சொல்லியிருந்தேன், எப்படியும் வீட்டில்தானே இருப்பான் என்று. அவள் அழுதுகொண்டே போனாள். பாண்ட் (அரசாங்க மருத்துவமனையில் வேலை செய்வதாகப் போட்ட ஒப்பந்தம்) முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, வேலையை விடப்போகிறேன் என்கிறான். ஒரு கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடுமா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: கல்யாணத்தைப் பிறகு பேசுவோம் அம்மா. போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "எப்படியும் வீட்டில்தானே இருப்பான்." அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் வார்டுக்குள் போன பிள்ளை ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே வந்திருக்கிறான். இடையில் கண்ணயர்ந்திருந்தால், அதுவும் போன் அடிக்கும்வரைதான். இங்கே இளம் மருத்துவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பே சராசரியாக வாரம் 80 மணி நேரம். வேலை நியமனச் சட்டம் தொழிலாளர்களுக்குச் சொல்லும் வழக்கமான நேரம் 44 மணி. அப்படி ஒரு வாரத்தை முடித்துவிட்டு வந்தவனுக்கு நீங்கள் வாசலில் ஒரு நோயாளியை உட்கார வைத்திருந்தீர்கள். அதற்குப் பிறகு, ஏன் எரிந்து விழுகிறான் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

இது முதல் தடவை என்று நான் நம்பவில்லை. மாமாவின் சர்க்கரை மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரரின் எக்ஸ்ரே, வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கால் வீக்கப் படம், "தம்பி, ஒரு எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) மட்டும் போட்டுக் கொடுப்பா". டாக்டர் பிள்ளை உள்ள வீடுகளிலிருந்து வரும் கடிதங்களில் இதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பரிசோதித்துப் பார்க்காமல் எம்சி கொடுப்பது சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் ஒழுக்கநெறிக்கு விரோதம். உறவுக்காரரின் ஒருநாள் லீவுக்கு அவன் லைசென்ஸ் பணயம்.

அன்றைக்கு உங்கள் மகன் சரியாகத்தான் நடந்துகொண்டான். இரவெல்லாம் விழித்திருந்த கண் ஒரு எண்ணைத் தவறாகப் படித்தால் யார் பொறுப்பு? ரத்தம் எடுத்த கிளினிக்கில் டாக்டர் இருக்கிறார். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் 40 வயதைத் தாண்டியவர்கள் தங்களுக்கென்று ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்துகொள்ளலாம். முதல் ஆலோசனைக்குக் கட்டணமும் இல்லை. நாத்தனாருக்கு வழி இல்லாமல் போகவில்லை. உங்கள் வீடு அவருக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

அத்தைக்குச் செய்வது மருமகன் கடமை இல்லையா என்பீர்கள். கடமைதான். உறவுகள் வந்துபோகாத வீட்டை நான் வீடாகவே மதிப்பதில்லை. அவன் அந்தக் கடமையை மருமகனாகச் செய்யட்டும், தீபாவளிக்குப் போய்க் காலில் விழட்டும். அதை எந்த நாளில் கேட்பது என்று பார்த்துக் கேட்கவேண்டியது பெற்றவள் பொறுப்பு. அதில் நீங்கள் தவறிவிட்டீர்கள். பிள்ளை டாக்டர் என்ற பெருமையை நீங்கள் உறவுக்குப் பங்குவைக்கிறீர்கள். அதற்கான உழைப்பு அவன் தூக்கத்திலிருந்து போகிறது.

இனி அவன் நிலைமை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் பர்ன் அவுட்டுக்கு விளக்கம் கொடுத்தது. அதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. சமாளிக்கப்படாமல் நீண்டுகொண்டே போகும் வேலை அழுத்தத்தின் விளைவு என்றது. உடம்பிலும் மனத்திலும் சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றையும் அடையாளமாகச் சொன்னது. மூன்றும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. "எல்லாம் ஒன்னுதாம்மா" என்று அவன் சொன்னதை நீங்கள் திமிர் என்று எடுத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் நோயாளி இறந்தபோது அவன் எப்படி இருந்தான் என்று யோசித்துப் பாருங்கள்.

காரணம் வேலையில் இருக்கும்போது, வீட்டில் ரசம் வைத்துக் கொடுத்து மட்டும் தீர்க்க முடியாது. தன் மேற்பார்வை மருத்துவரிடம் அவன் வாயைத் திறந்து சொல்லவேண்டும். ரோஸ்டரை, அதாவது டியூட்டி அட்டவணையைப் பற்றிப் பேசவேண்டும். சேர்ந்துகிடக்கும் லீவை எடுக்கவேண்டும். தனக்கென்று ஒரு டாக்டரைப் பார்க்கவேண்டும். மருத்துவர்கள் தங்களுக்குத் தாங்களே மாத்திரை எடுத்துக்கொண்டு நாளைத் தள்ளுவது கெட்ட பழக்கம். மெடிக்கல் ஆபிசர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போஸ்டிங் மாறுகிறது, அடுத்தது என்ன என்று இப்போதே யோசிக்கலாம். பாண்ட் என்பது வேலை செய்வதாகக் கொடுத்த வாக்கு. உடம்புக்கு முடியாவிட்டால் லீவு எடுக்கக்கூடாது என்று அதில் இல்லை. விடுவதா இருப்பதா என்ற முடிவை நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு அவன் எடுக்கட்டும். அதுவரை நீங்கள் "இவ்வளவு படிக்க வைத்தோமே" என்று ஆரம்பிக்காதீர்கள்.

கல்யாணமா? கூடாது. இந்த நிலைமையில் இருப்பவனிடம் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்டால், அவள் அந்த மூடிய கதவுக்கு வெளியே நிற்கப்போகிறாள். யார் வீட்டுப் பெண்ணையும் உங்கள் மகனுக்கு மருந்தாகக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. ஜாதகத்தை யாரிடமாவது கொடுத்திருந்தால் திருப்பி வாங்குங்கள்.

கடைசியாக, "நான் இருந்தாலும் இல்லாட்டியும்" என்று அவன் சொன்னானே, அதை வார்டைப் பற்றிச் சொன்னானா, தன்னைப் பற்றிச் சொன்னானா? உங்களுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இன்றே கேளுங்கள். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அவனைத் தனியே விடாதீர்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் எண் 1767, தேசிய மனநல உதவி எண் 1771. இரண்டும் 24 மணி நேரமும் எடுப்பார்கள். நீங்களும் அழைக்கலாம்.