15 வயதில் கனடா வந்த பிள்ளையின் நாளைய சம்பளம்

தம்பி, குடும்பத்தோடு ஒன்ராறியோ வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, மகனுக்கு 15 வயது, கணக்கில் கெட்டிக்காரன், ஆங்கிலத்தில் தடுமாறுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். ஈஎஸ்எல் (ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கில) வகுப்பில் போட்டுவிட்டார்களே, நாளைக்கு அவன் சம்பாத்தியம் அடிபடுமா என்பது உங்கள் கேள்வி.

வகுப்பை மாற்றச் சொல்லி யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். டிப்ளோமாவுக்கு, அதாவது இங்குள்ள உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு, வேண்டிய 4 ஆங்கிலக் கிரெடிட்டுகளில் (ஒரு பாடம் தேறினால் ஒரு கிரெடிட்) 3 வரை ஈஎஸ்எல்லிலேயே எடுக்கலாம். 12ஆம் வகுப்பு ஆங்கிலத்தைத்தான் வழக்கமான வகுப்பில் படிக்க வேண்டும்.

சரி, சம்பளத்துக்கு வருவோம். 15 வயதுத் திறமைக்கும் பிற்கால வருமானத்துக்கும் தொடர்பு இருக்கிறது, மறுக்க முடியாது. 2000ஆம் ஆண்டு பீசா என்ற, 15 வதுப் பிள்ளைகளுக்கான சர்வதேசத் தேர்வு எழுதிய ஏறக்குறைய 30,000 கனடியப் பிள்ளைகளை இங்குள்ள புள்ளிவிவரத் துறை பல வருடம் தொடர்ந்து கவனித்தது. அன்று நன்றாக வாசித்தவர்கள்தான் பிறகு பல்கலைக்கழகத்துக்கு அதிகம் போனார்கள். நல்ல சம்பளமும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. ஆனால் அவர்களில் சிலரை 24 வயதில் மறுபடி சோதித்தபோது சராசரி வாசிப்புப் புள்ளி 541இலிருந்து 598 ஆகியிருந்தது. உங்கள் மகனுக்கு இன்னும் காலம் கிடக்கிறது.

கணக்குக்கு டியூஷன் வேண்டாம். ஏற்கெனவே வருகிற பாடத்துக்கு எதற்குக் காசைக் கொட்டுவது? அதைவிட அவன் குணத்தைக் கவனியுங்கள். ஸ்வீடனில் ராணுவத் தேர்வுக்குப் போன 18, 19 வயதுப் பையன்களுக்கு அறிவுத் தேர்வோடு உளவியலாளரின் நேர்காணலும் உண்டு. பொறுப்பு, விடாமுயற்சி, நாலு பேரோடு பழகும் விதம் எல்லாவற்றையும் அதில் பார்ப்பார்கள். பின்னாளில் வேலையில்லாமலோ அடிமட்டச் சம்பளத்திலோ நின்றவர்களிடம் அறிவை விட இந்தக் குணங்கள்தான் குறைவாக இருந்தன என்று 2011இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நம் ஆட்கள் மார்க்கைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை!

இங்கே டிப்ளோமாவுக்கு 40 மணிநேரத் தொண்டு வேலையும் செய்ய வேண்டும். தெரிந்தவரிடம் கையெழுத்து வாங்கிச் சமாளிக்காமல், முன்பின் தெரியாதவர்களோடு ஆங்கிலத்தில் பேசியே ஆக வேண்டிய இடமாகப் பார்த்து அனுப்புங்கள். நூலகம் நல்ல இடம். அப்புறம் கோஆப், அதாவது பள்ளிப் பாடமாகவே ஓர் இடத்தில் வேலை பழகும் வாய்ப்பு, கிடைத்தால் விடவேண்டாம்.

12ஆம் வகுப்புக்குப் பாடம் தெரிவு செய்யும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள். ஆங்கிலத்தில் பல்கலைக்கழகப் பிரிவு, கல்லூரிப் பிரிவு (இங்கே கல்லூரி என்றால் பெரும்பாலும் தொழில் படிப்புகளுக்கானது) என்று தனித்தனியாக இருக்கும். மார்க் கூடும் என்று அவன் இரண்டாவதை எடுத்தால் இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க முடியாமல் போகும்.