மூன்று பாகம் பிரிக்க எவ்வளவு ஆகும்?

கேள்வி: கும்பகோணம் பக்கம் கிராமத்தில் அப்பா பெயரில் பழைய ஓட்டு வீடு இருக்கிறது. தெருவில் 36 அடி அகலம், கொல்லை வாய்க்கால் வரை 200 அடி நீளம். அப்பா, அம்மா இருவரும் காலமாகிவிட்டார்கள். நான், தம்பி, தங்கை மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்ள நினைக்கிறோம். பத்திர எழுத்தர் எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொல்கிறார். அது சரியா? வேறு என்ன செலவு வரும்?

பதில்: மொத்தத் தொகைக்குச் சம்மதிக்காதீர்கள். அரசுக்கு எவ்வளவு, எழுதுகூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். அரசுக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம். உடன்பிறந்தவர்களுக்குள் பாகப்பிரிவினை என்றால் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், ஒரு பாகத்துக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. இவை 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்புகள். அதற்கு முந்தைய 25,000, 4,000 என்ற கணக்கை யாராவது சொன்னால் அதை வைத்துத் திட்டம் போட வேண்டாம்.

மனைக்கு வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை, எவ்வளவு என்று பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, சதுர அடி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மனை 7,200 சதுர அடி, நம் பக்கத்துக் கணக்கில் 50 குழி. மனைக்கு 36 லட்சம், பழைய கட்டடத்துக்கு 6 லட்சம் என்றால் பாகம் ஒன்று 14 லட்சம். தீர்வை 14,000, கட்டணம் 10,000. மூன்று பாகத்துக்கும் சேர்த்து 72,000 ரூபாய். எழுத்தர் சொன்ன தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தீர்வையையும் கட்டணத்தையும் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே ஆன்லைனில் கட்டிவிடலாம்.

ஆனால் உங்கள் வீட்டுக்குப் பெரிய செலவு இதுவல்ல, வழிதான். 36 அடியை நீளவாக்கில் மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 12 அடி. சுவர் போக என்ன மிஞ்சும்? அதில் நல்லபடியாக ஒரு வீடு கட்ட முடியாது. குறுக்கே பிரித்தால் கொல்லைப் பாகத்துக்குத் தெருவிலிருந்து வழி விட வேண்டும். 10 அடி வழி என்றாலே முன் இரண்டு பாகங்களையும் தாண்ட 133 அடி நீளம் போகும். சுமார் 1,330 சதுர அடி, அதாவது ஒன்பது குழிக்கும் மேல். அதே 500 ரூபாய்க் கணக்கில் ஆறரை லட்சத்தைத் தாண்டுகிறது. பதிவுச் செலவைப் போல ஒன்பது மடங்கு! மதிப்பீடு போடும்போது இதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. 'வாய்க்கால் கரை வழியாகப் போய்க்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் சர்வே வரைபடத்தைப் பாருங்கள். அது புறம்போக்கு என்றால் பழக்கத்தில் நடக்கிறோம் என்பது மட்டும் உரிமை ஆகாது.

அதனால் இரண்டு பாகமாகப் பிரிப்பதையும் மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். ஒருவர் பணமாக வாங்கிக்கொண்டு, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம். குடும்பத்துக்குள் அதற்கும் இதே வரம்புகள்தான். அந்த ஒருவர் தங்கையாகத்தான் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். அவருக்கும் உங்களுக்கும் பங்கு ஒன்றுதான். தொகையை வழிகாட்டி மதிப்பில் பேசாமல், அக்கம்பக்கத்தில் உண்மையில் விற்ற விலையில் பேசுங்கள். அதுதான் நியாயம்.

இதற்கெல்லாம் முன்பு, வில்லங்கச் சான்றும் பட்டாவும் பாருங்கள். டெல்டாவில் பல தெருக்களில் வீடு நம்முடையது, அடிமனை கோயிலுடையதோ மடத்துடையதோ. அப்பா மனை வாடகை கட்டிய ரசீது ஏதாவது பெட்டியில் இருந்தால், வக்கீலிடம் காட்டாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

கட்டடத்தைப் பாகம் பிரிப்பதற்குக் கொத்தனாரிடம் தனியாக மதிப்பீடு வாங்குங்கள். பழைய ஓட்டு வீட்டில் கூரையும் சுவரும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். நடுவில் சுவர் எழுப்பினால் மட்டும் போதாது, சாய்ப்பைத் திருப்பி முற்றத்துத் தண்ணீருக்கும் வழி செய்ய வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பாகத்துக்கும் மின் இணைப்பு, கழிவுநீர்த் தொட்டி, வீட்டு வரி எல்லாம் தனி. கிணறு பொது என்றால் யார் எந்தப் பக்கமாக வந்து தண்ணீர் எடுப்பது, மோட்டார் பழுதானால் யார் செலவு என்பது வரை பத்திரத்திலேயே எழுதுங்கள். பதிவு முடிந்ததும் உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு மனு கொடுங்கள். நில அளவர் வந்து அளக்கும் நாளில் மூவரும் நேரில் நின்று கல் நட்டுக்கொள்ளுங்கள்.