ஆயிரம் ரூபாய்க்குள் கேம்பிங்குக்கு நல்ல கைக்கோடாலி கிடைக்குமா? எதைப் பார்த்து வாங்குவது?

கிடைக்கும். என்னுடையது காம்போடு சேர்த்து 650 ரூபாய். அதற்கு முன்னால் ஆன்லைனில் 1,100 ரூபாய்க்கு ஒன்று வாங்கி ஏமாந்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பார்க்கப் படு ஜோராக இருந்தது. கறுப்புப் பூச்சு, பின்பக்கம் சுத்தியல், குழாய் மாதிரியான கைப்பிடிக்குள் ஒரு குட்டி ரம்பம், அடியில் திசைகாட்டி வேறு. கொடைக்கானலில் ஒரு தனியார் தோட்டத்தில் கூடாரம் போட்டிருந்தோம். அவர்களே கொடுத்த விறகு, வாட்டில் என்ற மரம், பாதி ஈரம். நாலாவதோ ஐந்தாவதோ வெட்டு ஒரு கணுவில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கோடாலியின் வாய், அலுமினியத் தட்டின் விளிம்பு மாதிரி மடங்கிக் கிடக்கிறது. தோட்டத்துக் காவல்காரர் அதை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தேங்காய் உடைக்கக்கூட ஆகாதே" என்றார். அன்றைக்கு அடுப்பு எரிந்தது அவருடைய வெட்டுக்கத்தி புண்ணியத்தில்.

ஒரே கருவியில் நாலு வேலை என்று விற்பதை வாங்காதீர்கள். காசெல்லாம் திசைகாட்டிக்குப் போய்விடும், இரும்புக்கு மிஞ்சாது.

நீங்கள் தமிழ்நாட்டில் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்தில் கொல்லர் பட்டறை இருந்தால் நேராக அங்கே போங்கள். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கோடாலியா என்று கேளுங்கள். அந்த எஃகில் கார்பன் சுமார் 0.6 சதவீதம் இருக்கும். கோடாலிக்கு அது பொருத்தமான அளவு. ஆசாரியிடம் வாய்க்கு மட்டும் தோய்ச்சல் (சிவக்கக் காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது) போடச் சொல்லுங்கள். அநேகமாக அவரே அப்படித்தான் செய்வார். உடல் கொஞ்சம் மெத்தென்று இருந்தால்தான் அடி தாங்கும், வெடிக்காது.

தோய்ச்சல் சரியா என்று பார்க்க ஓர் அரம் போதும். வாயின் ஓரத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். கண்ணாடியில் இழுத்தது போல வழுக்கினால் கடினம் அதிகம், கல்லில் பட்டால் பொட்டுப் பொட்டாக உதிரும். அரம் சுலபமாக இரும்பைச் சீவிக்கொண்டு போனால் என் பழைய கோடாலியின் கதிதான். பிடித்துப் பிடித்து, கொஞ்சம் சிரமப்பட்டு இறங்க வேண்டும். ஆன்லைனில் இந்தச் சோதனைக்கு வழியே இல்லை. நான் பட்டறைக்கு ஓட்டுப் போடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

எடை விஷயத்தில் கவனம். கடைகளில் தொங்குவது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல். விறகுக்கடைக்குச் சரி, முதுகுப்பைக்குச் சரிவராது. தலை 600, 700 கிராம், காம்பு 35 முதல் 40 செ.மீ., அதாவது ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. அது போதும்.

அப்புறம் காம்பு. கோடாலிக்காம்பு என்று துரோகியைத் திட்டுகிறோம். மரத்தின் ரேகை பார்க்காமல் வாங்கினால் அது நிஜமாகவே துரோகம் செய்யும். காம்பின் அடிமுனையைத் திருப்பிப் பாருங்கள். மர வளையங்களின் கோடுகள் கோடாலியின் வாய் இருக்கும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் என்றைக்காவது படக்கென்று முறியும். நீளவாக்கிலும் ரேகை பாதியில் பக்கவாட்டில் வெளியேறாமல் அடியிலிருந்து நுனிவரை வர வேண்டும். கருவேலம் அருமை, புளியும் பரவாயில்லை. பெயின்ட் அடித்த காம்பு வேண்டவே வேண்டாம், உள்ளே விரிசல் இருந்தாலும் தெரியாது. எனக்கு முதலில் காட்டிய மூன்று காம்பில் இரண்டின் ரேகை குறுக்கே. ஆசாரி சிரித்துக்கொண்டே உள்ளே போய் வேறொன்று எடுத்து வந்தார்.

தலை ஆடினால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். மரம் உப்பி அப்போதைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிடத் தளரும். கோடாலியைத் தலைகீழாகத் தொங்கப் பிடித்து, காம்பின் அடிமுனையில் மரச்சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் தலை தானாக ஏறி இறுகும். பிறகு காம்பின் மேல்முனையில் செருகியிருக்கும் ஆப்பை அடித்து இறக்குங்கள். காம்புக்கு வருஷம் ஒரு தடவை லின்சீட் ஆயில்.

பட்டறைக் கோடாலி வரும்போது வாய் மொத்தையாகத்தான் இருக்கும். அரத்தால் நீங்களே சீவி, பிறகு சாணைக்கல்லில் தீட்டுங்கள். சக்கரத்தில் கொடுத்தால் பக்கத்திலேயே நின்று அடிக்கடி தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். வாயில் நீலநிறம் ஏறிவிட்டால் தோய்ச்சல் போச்சு.

பட்டறைக்கெல்லாம் அலைய முடியாது, பட்ஜெட்டை ஏற்றிக்கொள்கிறேன் என்றால் ஃபின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் எக்ஸ்7. பிளாஸ்டிக் காம்பு என்று முகம் சுளிக்க வேண்டாம். தலையைச் சுற்றி வார்த்திருப்பதால் ஆப்பு, தளர்ச்சி என்ற பேச்சே இல்லை. ஸ்வீடனின் கிரான்ஸ்ஃபோர்ஸ் கோடாலி அழகுதான், ஆனால் அது வேறு பட்ஜெட்.

ஒரு எச்சரிக்கை. காப்புக்காட்டில் ஒரு சுள்ளியைக்கூட வெட்டக் கூடாது. 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. தனியார் இடத்தில், அவர்கள் தரும் விறகைப் பிளக்க மட்டும் எடுத்துப் போங்கள். பிளக்கும்போது ஓங்கி வெட்டாதீர்கள். குட்டைக் காம்பு தவறினால் நேராக முழங்காலுக்கு வரும். மண்டியிட்டு, சுள்ளியின் மேல் வாயை வைத்து அழுத்தி, இரண்டையும் சேர்த்துத் தூக்கி அடிக்கட்டையில் தட்டுங்கள், பிளந்துகொள்ளும்.

உறைக்குத் தனியாகச் செலவு வேண்டாம். தோட்டத்துத் தண்ணீர் ஹோஸில் ஒரு சாண் நறுக்கி, நீளவாக்கில் கீறி வாயில் மாட்டி, சைக்கிள் டியூபால் ஒரு கட்டு. இரண்டு வருஷமாக என் பை கிழியவில்லை.