மண்டபத்துக்குள் எடுத்த படம் ஏன் கலங்குகிறது?

கேள்வி: 18-55 லென்ஸோடு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று வாங்கினேன். பகலில் வெளியே எடுத்தால் படம் நன்றாக வருகிறது. அண்ணன் மகளின் காதுகுத்தில் மண்டபத்துக்குள் எடுத்தவை பெரும்பாலும் கலங்கலாகவும் மஞ்சளாகவும் இருக்கின்றன. எல்லாம் ஆட்டோ மோடில் எடுத்தவை. லென்ஸை மாற்ற வேண்டுமா? எதிலிருந்து கற்கத் தொடங்குவது?

பதில்: லென்ஸுக்கான பணம் இப்போதைக்குக் கையிலேயே இருக்கட்டும். கெட்டுப்போன அந்தப் படங்களையும் அழித்துவிடாதீர்கள். உங்களுக்கு முதல் பாடம் அவற்றில்தான் இருக்கிறது. ஒரு படத்தை கேமராத் திரையில் திறந்து, தகவல் பொத்தானை அழுத்துங்கள். ஷட்டர் வேகம் (ஒளி எவ்வளவு நேரம் உள்ளே வருகிறது), அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு எவ்வளவு பெரிது), ஐஎஸ்ஓ (வந்த ஒளியை கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது) ஆகிய மூன்று எண்களும் தெரியும். பிறகு படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, கலங்கல் எப்படிப்பட்டது என்று பாருங்கள். பெரிதாக்காமல் பார்த்து ஏமாறக் கூடாது. அந்தச் சிறிய திரையில் எல்லாப் படமும் கூர்மையாகத்தான் தெரியும்.

தூண், தோரணம், முகம் என எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. தூண் தெளிவாக இருந்து குழந்தை மட்டும் கலங்கியிருந்தால், கை ஆடவில்லை, குழந்தை அசைந்திருக்கிறாள். பின்னால் நிற்கும் சித்தி பளிச்சென்று இருக்க, முன்னால் இருப்பவர் மங்கலாக இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. படம் முழுவதும் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் லென்ஸ் கண்ணாடியில் எண்ணெய் விரல் பட்டிருக்கிறது, அல்லது ஏசி மண்டபத்திலிருந்து வெளிப் புழுக்கத்துக்கு வந்ததும் பனி படிந்திருக்கிறது. இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு. எது என்று தெரியாமல் புது லென்ஸ் வாங்கினால் அதே கலங்கல் அதிக விலையில் வரும், அவ்வளவுதான்.

உங்கள் படங்களில் ஷட்டர் வேகம் பெரும்பாலும் 1/15, 1/30 என்றுதான் இருக்கும். காரணம் இது: இந்த வகை லென்ஸில் 18 மில்லிமீட்டரில் அபர்ச்சர் எஃப் 3.5 வரை திறக்கும். எஃப் எண் சிறிதாக இருந்தால் திறப்பு பெரிது. 55-க்கு ஜூம் செய்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஜூம் செய்த மாத்திரத்தில் உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்துவிடுகிறது. குறைந்த ஒளியை ஈடுகட்ட, ஆட்டோ மோட் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது. பலகையில் உட்கார்ந்திருப்பது சிலையா, திமிறும் குழந்தையா என்று அதற்குத் தெரியாது.

ஆகவே ஷட்டர் வேகத்தை நீங்களே தீர்மானிக்கப் பழகுங்கள். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். மோட் டயலை எஸ் என்ற எழுத்துக்கு, கேனனாக இருந்தால் டிவி (Tv) என்ற இடத்துக்குத் திருப்புங்கள். அசையாமல் நின்று போஸ் கொடுப்பவர்களுக்கு 1/125 போதும். பேசுபவர், சிரிப்பவர், மடியில் நெளியும் குழந்தைக்கு 1/250. ஓடும் பிள்ளைகளுக்கு 1/500. கை ஆட்டத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. லென்ஸில் எந்த மில்லிமீட்டரில் இருக்கிறீர்களோ அதை ஒன்றரையால் பெருக்குங்கள். 55-க்கு ஏறத்தாழ 80 வரும். எனவே 1/80-க்குக் கீழே கையில் பிடித்து எடுக்க வேண்டாம். லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் இன்னும் கீழே போகலாம், ஆனால் அது உங்கள் கையைத்தான் கட்டுப்படுத்தும், குழந்தையை அல்ல. புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

வேகத்தைக் கூட்டினால் ஒளி குறையும். அதை ஐஎஸ்ஓ சரிக்கட்ட வேண்டும். ஆட்டோ ஐஎஸ்ஓவைப் போட்டு, மெனுவில் உச்சவரம்பை 6400 என்று வையுங்கள். உதாரணமாக, 55-ல் எஃப் 5.6, 1/30, ஐஎஸ்ஓ 800 என்று ஒரு படம் எடுத்திருக்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். அதே ஒளியில் 1/250 வேண்டுமானால் ஐஎஸ்ஓ 6400 ஆகும். ஜூமைக் குறைத்து எஃப் 4 கிடைக்கும் இடத்தில், ஏறத்தாழ 24-ல் நின்று, இரண்டு அடி முன்னால் போனால் 3200 போதும். அதற்காக 18-ல் வைத்து முகத்துக்கு மிக அருகே போகாதீர்கள். மூக்கு பெருத்துத் தெரியும்.

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படத்தில் புள்ளிகள் வரும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. வரும்தான். ஆனால் புள்ளியைக் கணினியில் குறைக்க முடியும், இழுபட்ட முகத்தை நேராக்க முடியாது. அதைவிட மோசமானது, பயந்து ஐஎஸ்ஓவை 400-ல் பூட்டி இருட்டாக எடுத்துவிட்டு, வீட்டில் வந்து வெளிச்சமாக்குவது. நிழல் பகுதிகளில் புள்ளி வண்டி வண்டியாகக் கிளம்பும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் அபர்ச்சர் எண் மின்னிக்கொண்டே இருந்தால், இதற்கு மேல் திறக்க வழியில்லை, படம் இருட்டாக வரும் என்று கேமரா சொல்கிறது. அப்போது வேகத்தை ஒரு படி இறக்குங்கள்.

மண்டபங்களில் இன்னொரு தொல்லை உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகளும் பழைய டியூப் லைட்டுகளும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/250-ல் எடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும், சில சமயம் பட்டை பட்டையாகவும் வரும். கேமரா பழுது என்று நினைத்துவிடாதீர்கள். 1/100-க்கு இறக்கினால் ஒவ்வொரு படத்திலும் ஒரு முழுத் துடிப்பு விழுந்து, வெளிச்சம் சீராகும். அசைவுக்கு இந்த வேகம் பத்தாது. ஆகவே குழந்தை ஒரு கணம் நிற்கும் தருணத்தைப் பார்த்து, தொடர் ஷாட்டில் மூன்று நான்காகச் சேர்த்து எடுங்கள். ஆசாரி கம்பியைக் கையில் எடுத்ததும் எல்லாரும் ஒரு நொடி உறைந்து நிற்பார்கள். அந்த நொடிக்கு முன்பே விரல் ஷட்டரில் பாதி அழுத்தி இருக்க வேண்டும்.

பாதி அழுத்துவது ஃபோகஸுக்காக. ஆட்டோவில் கேமரா தனக்கு அருகில் இருப்பதையோ, அழுத்தமான கோடு உள்ளதையோ பிடித்துக்கொள்ளும். குத்துவிளக்கும் பட்டுச் சரிகையும் அதற்கு முகத்தைவிடப் பிடித்தமானவை. ஃபோகஸ் புள்ளியை ஒன்றே ஒன்றாக மாற்றி, அருகிலிருக்கும் கண்ணில் வையுங்கள். பழைய டிஎஸ்எல்ஆர்களில் மங்கலான வெளிச்சத்தில் நடுப்புள்ளிதான் நம்பகமானது. நெளியும் குழந்தைக்குத் தொடர் ஃபோகஸ் மோடைப் போடுங்கள். கேனனில் ஏஐ சர்வோ, மற்றவற்றில் ஏஎஃப்-சி.

மஞ்சளுக்கு வருவோம். மேடையில் மஞ்சள் விளக்கு, கூடத்தில் வெள்ளை டியூப், பக்கவாட்டில் சன்னல் வெளிச்சம் என்று மூன்றும் கலந்தால் வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் தடுமாறும். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ரா (RAW) வடிவில் படத்தைச் சேமித்தால் நிறத்தைப் பிறகு தரம் கெடாமல் திருத்தலாம். ஜேபெக்கில்தான் எடுப்பேன் என்றால், மேடை வெளிச்சத்தில் சாம்பல் அட்டை ஒன்றைப் பிடித்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் அமையுங்கள். வெள்ளைத் தாளும் சுமாராக உதவும். சொட்டு நீலம் போட்ட வேட்டி மட்டும் வேண்டாம். அதன் நீலச் சாயலை ஈடுகட்டப் போய் கேமரா முகங்களை இன்னும் மஞ்சளாக்கிவிடும். சிவப்பு, மஞ்சள் ஷாமியானாவுக்குக் கீழே நிற்பவர் முகத்தில் துணியின் நிறமே படிந்திருக்கும். எந்த அமைப்பாலும் அது முழுமையாகப் போகாது. அவர்களை ஓரத்துக்கு அழைத்து வருவதுதான் வழி.

வெளிச்ச அளவில் ஒரு சிறு திருத்தம். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டைக் கூட்டத்துக்கு வெளிச்ச ஈடுகட்டலை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +1 வரை ஏற்றுங்கள், கருங்கல் சிலைக்கு -1. அரக்குச் சிவப்புப் பட்டில் நெசவு தெரியாமல் வெறும் சிவப்பாகத் தெரிந்தால் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தில் சிவப்பு மட்டும் வலது ஓரம் முட்டியிருக்கும், -0.7 வைத்து மறுபடி எடுங்கள்.

கேமராவில் உள்ள சிறு ஃபிளாஷ் இரண்டு, மூன்று மீட்டருக்கு மேல் பயன்படாது. அதைத் திறக்கும்போது லென்ஸ் முன்னால் மாட்டும் ஹூடைக் கழற்றுங்கள், இல்லையேல் படத்தின் கீழே கருநிழல் விழும்.

பயிற்சிக்கு விழா வரை காத்திருக்க வேண்டாம். வீட்டு மின்விசிறியைச் சுழலவிட்டு, 1/30-லிருந்து 1/1000 வரை ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுங்கள். இறக்கை எந்த வேகத்தில் உறைகிறது, அதற்குள் ஐஎஸ்ஓ எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அடுத்து, மாலையில் சன்னலோரம் ஒருவரை உட்காரவைத்துப் பேசவிட்டு எடுங்கள். ஒரு மாதம் இப்படிப் பழகியபின் புது லென்ஸ் வேண்டும் என்று தோன்றினால், 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் வாங்குங்கள். உங்கள் லென்ஸின் 55 முனையைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி தரும். ஆனால் ஒன்றரை மீட்டரிலிருந்து எஃப் 1.8-ல் எடுத்தால் ஆறு, ஏழு சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக இருக்கும். கண் கூர்மையாக இருந்து, தோடு போட்ட காது மங்கிவிடக்கூடும். காதுகுத்துக்கு எஃப் 2.8-லிருந்து 4-க்குள் வைத்து எடுங்கள்.