மணல் மட்டும் உள்ள ஊரும் கல் படிப்பும்

அன்புள்ள ஐயா,

உச்சிப்புளியில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். அண்ணன் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். நிலவு, செவ்வாய் இங்கெல்லாம் உள்ள கல்லையும் மண்ணையும் ஆராயும் படிப்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஒரு கல்லூரியில் விசாரித்தால் ஜியாகரபி விண்ணப்பத்தை நீட்டினார்கள். "நம்ம ஊர்ல மணலை விட்டா என்ன இருக்கு, கல்லைப் பத்திப் படிக்க?" என்று அண்ணன் சிரிக்கிறார். நான் அவளுக்கு என்ன சொல்வது?

க.

அன்புள்ள க.,

முதலில் அந்த விண்ணப்பக் குழப்பம். பள்ளிப் புத்தகத்தில் புவியியல் என்றால் ஜியாகரபி. உங்கள் அண்ணன் மகளுக்கு வேண்டியது ஜியாலஜி; தமிழில் அதற்கு நிலவியல், புவியமைப்பியல் என்று ஆளுக்கொரு பெயர். கவுன்டரில் ஜியாலஜி என்றே கேளுங்கள். உங்களுக்குக் கிட்டே என்றால் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் இருக்கிறது. கிட்டே என்றாலும் அரைநாள் பஸ்தான். கோள்களுக்கென்று தனியாக இளங்கலை தேடி அலைய வேண்டாம். பூமியின் பாறையை ஒழுங்காகப் படித்தவர்தான் அப்புறம் செவ்வாய்க்குப் போகிறார்.

போகிறார் என்று எழுதிவிட்டேன். நிலவில் நடந்த 12 பேரிலேயே நிலவியலாளர் ஒருவர்தான், 1972இல் அப்பல்லோ 17இல் போன ஹாரிசன் ஷ்மிட். மற்ற நிலவியலாளர்கள் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து, விண்கலம் அனுப்பிய படங்களையும் அளவுகளையும் வைத்து அங்கே என்ன நடந்திருக்கும் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பவர்கள். அதற்கு, அதே மாதிரி ஒன்றை இங்கே தரையில் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் அண்ணன் சொன்ன மணல் இங்கேதான் வருகிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடி மணலில் குத்தவைத்துப் பாருங்கள். ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் வரிவரியாக இருக்கும். காற்று வரும் பக்கம் மெதுவாக ஏறும், மறுபக்கம் சட்டென்று இறங்கும். முகட்டில் விரலை வைத்தால் நறநறவென்று பெரிய பருக்கைகள், பள்ளத்தில் பொடி. காற்று நின்ற பிறகும் அது எங்கிருந்து அடித்தது என்று மணலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நாசாவின் கியூரியாசிட்டி ஆய்வு வண்டி செவ்வாயின் கேல் பள்ளத்தில் உள்ள மணல்மேடுகளை நெருங்கியபோது, இதே சின்ன வரிகள் அங்கேயும் இருந்தன. கூடவே சுமார் 3 மீட்டர் இடைவெளியில் பெரிய வரிகளும். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, அந்த மெலிந்த காற்றில் மட்டும்தான் இப்படி வேறொரு வகை வரி உருவாகிறது என்கிறார்கள் சிலர். இல்லை, சின்ன வரியே வளர்ந்து பெரிதானதுதான் என்கிறார்கள் வேறு சிலர். சண்டை இன்னும் ஓயவில்லை. மணல் வரிக்காக இவ்வளவு சண்டை போடுகிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சாயல்குடிப் பக்கத்துத் தேரியையும், அதாவது செம்மணல் மேட்டையும், அவளுக்குக் காட்டுங்கள். அந்தச் சிவப்பு, மணல் பருக்கையின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. செவ்வாயின் சிவப்பும் இரும்புத் துருதான். தேரி மணலில் கலந்திருக்கும் கறுப்பு இல்மனைட் என்ற தாது, நிலவில் கறையாகத் தெரியும் சமவெளிகளின் பாறையிலும் உண்டு. கல்லே வேண்டும் என்றால் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிக்குப் போகலாம். நிலவின் மேட்டுநிலத்தில் உள்ள அனார்த்தோசைட் வகைப் பாறை அங்கே கிடைக்கிறது. சந்திரயான் 2 சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ அந்தப் பகுதிப் பாறையை இடித்துத்தான் செய்தது.

வேலை குறைவுதான், மறைக்க விரும்பவில்லை. எம்.எஸ்சி., நெட் அல்லது கேட் தேர்வு, அகமதாபாத் பி.ஆர்.எல். (இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம்) போன்ற இடத்தில் பிஎச்.டி. என்று பத்து வருடம் ஓடிவிடும். ஆனால் நடுவழியில் இறங்கினாலும் ஜியாலஜிக்காரருக்கு நிலத்தடி நீர், சுரங்கம் என்று பிழைப்பு உண்டு. அண்ணனிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

அவளிடம் ஒரு அடிஸ்கேலையும் உங்கள் கடையில் கேமரா நல்லதாக உள்ள ஒரு போனையும் கொடுங்கள். வரிகளை அளந்து படம் எடுக்கட்டும். வெயில் சாய்வாக விழும்போதுதான் வரியின் நிழல் தெரியும். நிலவின் பள்ளங்களும் அப்படித்தான். மாலையில் இருட்டும் முன்பே தனுஷ்கோடிக் கோடியில் உள்ள அரிச்சல்முனையிலிருந்து எல்லாரையும் கிளப்பிவிடுவார்கள். அதனால் காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கச் சொல்லுங்கள்.