கஞ்சா புகைத்தவன் மெதுவாகத்தானே ஓட்டுகிறான், டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 22. கோவையில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை இரவு வெளியே போய்க் குடிப்போம். ஒருவன் மட்டும் கஞ்சா புகைப்பான், சில நாள் கூடவே ஒரு பீரும் குடிப்பான். திரும்பும்போது அவன்தான் பைக் ஓட்டுவான். "நான் நிதானமாத்தான் ஓட்டுவேன், போலீஸ் ஊதச் சொன்னாலும் காட்டாது" என்கிறான். நிஜமாகவே மெதுவாகத்தான் ஓட்டுகிறான். அவன் பின்னால் உட்கார்ந்து வரலாமா? மறுநாள் காலை நான் பைக் எடுக்கலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: வர வேண்டாம், தம்பி. உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் அதை நம்பத் தோன்றுகிறது. குடித்தவருக்குத் தான் பிரமாதமாக ஓட்டுவதாக நினைப்பு வரும். கஞ்சா புகைத்தவருக்குப் பெரும்பாலும் தன் தடுமாற்றம் ஓரளவு தெரியும். அதனால் வேகத்தைக் குறைப்பார், முன்னால் போகும் வண்டியை விட்டுத் தள்ளியே வருவார். ஆய்வுகளிலும் இது தெரிந்த விஷயம்தான்.

ஆனால் வேகத்தைக் குறைத்துவிட்டால் மூளை தெளிந்துவிடாது. வண்டி இடம் வலமாக அலையும். ஒரே நேரத்தில் நாலு பக்கம் கவனிக்க முடியாது. தூரக் கணக்கும் நேரக் கணக்கும் தப்பும். திடீரென்று நாய் குறுக்கே வந்தால் கை பிரேக்குக்குப் போகத் தாமதமாகும். காரில் நாலு சக்கரமாவது தாங்கும். பைக் விழாமல் நிற்பதே ஓட்டுபவரின் மூளையால்தான்.

பீரும் சேரும் நாள்தான் ரொம்ப மோசம். கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். மதுவோடு சேரும்போது ரத்தத்தில் அதன் அளவு இன்னும் கூடும். அவரை மெதுவாக ஓட்ட வைத்த அந்தக் கொஞ்ச எச்சரிக்கையையும் மது பறித்துவிடும். தடுமாற்றம் மட்டும் இரண்டு போதையிலிருந்தும் வந்து சேரும். புகைத்தால் சில நிமிடங்களில் ஏறி, பல மணி நேரம் நிற்கும். பாங்கு (கஞ்சா இலையை அரைத்துச் செய்வது) மாதிரிச் சாப்பிட்டால் ஏறவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். ஒன்றும் ஆகவில்லையே என்று வண்டியை எடுப்பவருக்குப் பாதி வழியில் ஏறும்.

ஊதும் கருவி கஞ்சாவைக் காட்டாது என்பது சரி. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் மதுவோடு போதைப்பொருளும் இருக்கிறது, ஆய்வகப் பரிசோதனைக்கும் இடம் இருக்கிறது. முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கருவியை ஏமாற்றலாம், எதிரே வரும் லாரியை ஏமாற்ற முடியாது என்று நான் சொன்னால் வசனம் பேசுவதாக நினைப்பீர்கள். எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

அதற்குக் கணக்கே போடலாம். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி பிராந்தியில், சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 7, 8 கிராம்தான் கழிக்கும். ஆக, ஒரு குவார்ட்டர் முழுதாகக் கழியவே ஏறக்குறைய 8 மணி நேரம். ஒன்றரை என்றால் 12. இரவு 12 மணிக்கு ஒன்றரையை முடித்தவர் காலை 8 மணிக்குக் குளித்து, நெற்றியில் விபூதி வைத்துக் கிளம்பினாலும் ரத்தத்தில் மது பாக்கி இருக்கும். "பீர்தானே" என்பதும் வேண்டாம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 40 கிராம். சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு அந்த ஒரு பாட்டிலே அதைத் தாண்ட தாராளமாகப் போதும். மோர், எலுமிச்சை, கட்டங்காப்பி, தலைக்குக் குளியல் எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது. காபி குடித்தால் தூக்கம் கலையும், போதை அப்படியே இருக்கும்.

உங்கள் வயதும் ஒரு காரணம். ஒரே அளவு குடித்தாலும் அனுபவமுள்ளவரைவிட இளைஞருக்கு விபத்து அபாயம் அதிகம். ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் ரோட்டுப் பழக்கம் இன்னும் கைவந்திருக்காது.

எனவே, எப்படித் திரும்புவது என்பதைக் குடிப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பைக்கை அறையிலேயே விட்டுவிட்டு ஆட்டோவிலோ கேபிலோ போங்கள். யாராவது ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால், அன்று இரண்டையும் தொடாதவர் ஓட்டட்டும். வாரம் ஒரு நாள் என்பது நாலு நாளாகிவிட்டால், அல்லது நண்பருக்குக் கஞ்சா இல்லாமல் தூக்கமே வரவில்லை என்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. கீழே விழுந்து தலையில் அடிபட்டவரை "போதையில் தூங்குகிறான், காலையில் சரியாகிவிடும்" என்று அறையில் படுக்க வைத்துவிடாதீர்கள். மூளைக்குள் ரத்தக் கசிவு இருந்தாலும் அப்படித்தான் குறட்டை விட்டுக் கிடப்பார். எழுப்பினால் சரியாக எழவில்லை, வாந்தி எடுக்கிறார், பேச்சு குழறுகிறது என்றால் போதையா அடியா என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது; பல நேரம் ஸ்கேன் எடுக்காமல் எங்களாலேயே முடியாது. உடனே 108-ஐ அழையுங்கள். என்ன குடித்தார், என்ன புகைத்தார், எத்தனை மணிக்கு என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.